தங்கம் பிரியும் கடைசிக் கட்டம்: சிறு சுரங்கங்களில் பாதரசம் ஏன் ஓயவில்லை?

தங்கம் விலை ஏறுகிறது என்ற செய்தி வந்தால், சில நாட்களில் அதன் பின்னாலேயே இன்னொரு செய்தியும் வரும். பெருவிலோ கானாவிலோ இந்தோனேசியாவிலோ சிறு தங்கச் சுரங்கங்களில் பாதரசம் பயன்படுத்துகிறார்கள், ஆறு நஞ்சாகிறது, தொழிலாளிகளுக்குக் கை நடுக்கம் வருகிறது என்று. படிப்பவர்களுக்கு எழும் கேள்விகள் நியாயமானவை. இவ்வளவு கெடுதல் என்றால் ஏன் தடை செய்யவில்லை? தடை செய்த நாடுகளில் ஏன் நிற்கவில்லை? நம் வீட்டு நகையில் பாதரசம் இருக்குமா? நாம் சாப்பிடும் மீனில்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தங்கச் சுரங்கம் கிடையாது. ஆனால் இந்த விவகாரத்தைப் புரிந்துகொள்ள இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கனமான மணலை லேசான மணலிலிருந்து பிரிக்கும் வேலை மணவாளக்குறிச்சியில் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. தங்கச் சுரங்கத்தின் பாதரசப் பிரச்சினையும் அடிப்படையில் கனமான மணலைப் பற்றியதுதான்.

சிறு சுரங்கம் என்பது எது

பெரிய நிறுவனமும் பெரிய இயந்திரமும் இல்லாமல், ஒரு குடும்பமோ பத்துப் பேர் சேர்ந்த கூட்டோ ஆற்று மணலை அரித்தும் பாறையை உடைத்தும் தங்கம் எடுப்பதைச் சிறு அளவுச் சுரங்கத் தொழில் என்கிறார்கள். உலகில் 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒன்றிலிருந்து இரண்டு கோடிப் பேர் வரை இதில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் 40 முதல் 50 லட்சம் பேர் பெண்களும் குழந்தைகளும். உலகில் புதிதாக வெட்டியெடுக்கப்படும் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை இவர்கள் கையால் வருகிறது. பெரும்பாலானவர்களிடம் உரிமம் இல்லை. இந்த ஒரு விஷயம் பின்னால் மிக முக்கியமாகப் போகிறது.

நமக்குப் பக்கத்திலும் இது உண்டு. நீலகிரி மாவட்டத்தில் தேவாலா, கூடலூர் பக்கம் 1880-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கம் தேடி வந்து கூட்டம் கூட்டமாக இறங்கின. எதிர்பார்த்தது கிடைக்காமல் சீக்கிரமே கிளம்பியும் போய்விட்டன. அவை விட்டுப்போன குழிகளில் உள்ளூர்க்காரர்கள் அதற்குப் பிறகும் திருட்டுத்தனமாகப் பாறை உடைத்து வந்திருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் நிலம்பூரில் சாலியாற்று மணலை அரித்துத் தங்கம் எடுப்பது பழைய வழக்கம். ஏராளமான தமிழர்கள் உழைத்து 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கவயல் இந்தக் கணக்கில் வராது. அது பெரிய சுரங்கம். பெரிய சுரங்கங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பாதரசத்தைக் கைவிட்டு, தங்கத்தைக் கரைத்து எடுக்கும் சயனைடு முறைக்கு மாறத் தொடங்கிவிட்டன.

மணவாளக்குறிச்சியிலிருந்து தொடங்கலாம்

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனமான தாது இருப்பதைக் கண்டார். அதைத் தேடி வந்துதான் மணவாளக்குறிச்சியில் ஆலை ஏற்பட்டது. இன்று அதை நடத்துவது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம். (கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பு தனி விவகாரம், அதை இங்கே கலக்க வேண்டாம்.)

அந்த ஆலையில் நடப்பதன் அடிப்படை அடர்த்தி. சாதாரண வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், தன் கன அளவுள்ள தண்ணீரைப் போல 2.65 மடங்கு எடை. கருமணலில் உள்ள இல்மனைட் என்ற தாது சுமார் 4.7 மடங்கு, மோனசைட் சுமார் 5 மடங்கு. ஓடும் தண்ணீரில் விட்டால் லேசானது முன்னே போகும், கனமானது பின்தங்கும். அலை திரும்பும்போது கடற்கரையில் கருப்பு வரி வரியாகக் கருமணல் ஒதுங்குவதும் இதனால்தான். ஆலையில் சுருள் தொட்டிகளில் மணல் கலந்த தண்ணீரை விட்டுப் பிரிக்கிறார்கள். அதற்கு மேல் தண்ணீரால் பிரிக்க முடியாது, ஏனென்றால் இல்மனைட், சிர்கான், மோனசைட் ஆகிய தாதுக்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எடை. ஆகவே கடைசிக் கட்டத்தில் காந்தமும் மின்புலமும் வருகின்றன. காந்தத்துக்கு இழுபடுவது எது, மின்சாரம் கடத்துவது எது என்று பார்த்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள்.

இப்போது தங்கத்துக்கு வருவோம். தங்கம் தண்ணீரைப் போல 19.3 மடங்கு எடை. வெள்ளை மணலிலிருந்து அதைப் பிரிப்பது, சொல்லப்போனால், இல்மனைட்டைப் பிரிப்பதைவிடச் சுலபம். மரத்தட்டில் அரித்தாலே போதும், அல்லது கம்பளி விரித்த சரிவுப் பலகையில் தண்ணீரோடு ஓடவிட்டால் போதும், தங்கம் அடியில் தங்கிவிடும். ஆனால் அது தனியாகத் தங்காது. அந்த ஆற்றிலுள்ள கனமான தாதுக்கள் எல்லாம் அதோடு சேர்ந்து தங்கும். ஒரு நாள் முழுக்க அரித்த பிறகு சுரங்கத் தொழிலாளியின் தட்டில் மிஞ்சுவது ஒன்றிரண்டு கிலோ கருமணலும், அதற்குள் மாவு போல நுணுக்கமாக ஒரு கிராமோ அரை கிராமோ தங்கமும். அந்த நுணுக்கத் தூள் தட்டையாக இருந்தால் தண்ணீரின் மேற்பரப்பில் மிதந்து போவதும் உண்டு.

அந்தக் கடைசித் தட்டுக் கருமணலில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. மணவாளக்குறிச்சி ஆலையிடம் காந்தமும் மின்பிரிப்பானும் உண்டு. காட்டுக்குள் இருக்கும் பத்துப் பேரிடம் என்ன இருக்கிறது? ஒரு சின்னப் புட்டியில் பாதரசம்.

பாதரசம் செய்யும் வேலை

பாதரசம் அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் ஒரே உலோகம். தங்கத்தைத் தொட்டால் அதன் மேல் பரவி ஒட்டிக்கொள்ளும், மணலைத் தொட்டால் ஒட்டாது. கருமணலில் விட்டுக் கையால் பிசைந்தால் சிதறிக் கிடக்கும் தங்கத் தூள்களை எல்லாம் பொறுக்கி ஓர் உருண்டையாக்கித் தந்துவிடும். தங்கமும் பாதரசமும் சேர்ந்த இந்தக் கலவைக்கு ரசக்கலவை என்று பெயர். துணியில் வைத்துப் பிழிந்தால் அதிகப்படிப் பாதரசம் வெளியே வந்துவிடும். மிஞ்சும் வெள்ளி நிற உருண்டையில் தோராயமாகப் பாதி தங்கம், பாதி பாதரசம்.

அடுத்தது சூடாக்குவது. பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். தங்கம் உருகவே 1064 டிகிரி வேண்டும். ஆகவே அடுப்பில் ஒரு கரண்டியில் வைத்துச் சுட்டால் பாதரசம் பறந்துவிடும், துளைகள் நிறைந்த மஞ்சள் கட்டி நிற்கும். படிப்பறிவோ இயந்திரமோ வேண்டாம். முழுக் காரியமும் அரை மணி நேரம்.

நகையில் பாதரசம் இருக்குமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் உண்டு. அந்தக் கட்டியில் சில சதவீதம் பாதரசம் ஒட்டியிருக்கும். அதை வாங்கும் தங்கக் கடைக்காரர் மறுபடி உருக்குவார், சுத்திகரிப்பு ஆலை இன்னொரு முறை உருக்கும். இத்தனையும் கடந்து வந்த நகையில் கவலைப்படும் அளவுக்குப் பாதரசம் இருக்க வழியில்லை. கெடுதல் முழுவதும் நகை நம் கைக்கு வரும் முன்பே வேறு யாருக்கோ நடந்து முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் ஒரு தெரு அதைச் சுவாசிக்கிறது. சுரங்கத்துக்கே போகாத, தங்கக் கடைத் தெருவில் குடியிருக்கும் மக்களுக்கும் பாதிப்பு வருவது இப்படித்தான்.

எவ்வளவு போகிறது

பாதரசம் பயன்படுத்துவதில் இரண்டு முறை உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் செய்திகளைப் படித்தால் குழப்பம் தீராது.

1. அரித்துச் செறிவாக்கிய கருமணலில் மட்டும் கலப்பது. இதில் ஒரு கிராம் தங்கத்துக்கு ஏறக்குறைய ஒரு கிராம் பாதரசம் இழப்பாகும்.

2. அரைக்கும் ஆலையிலேயே, முழுப் பாறைத் தூளிலும் கலப்பது. பாறையோடு சேர்ந்து அரைபடும் பாதரசம் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகச் சிதறிக் கழிவுச் சேற்றோடு போய்விடும். இதில் ஒரு கிராம் தங்கத்துக்கு மூன்று கிராம், ஐந்து கிராம், பத்துக்கு மேலும்கூடப் பாதரசம் தொலையும்.

இரண்டாவது முறையில் ஐந்து மடங்கு என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். ஒரு பவுன் எட்டு கிராம், எனவே 40 கிராம் பாதரசம். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் இருந்தது ஒரு கிராம் அளவுதான். இந்த மாவட்டத்துக் கல்யாணப் பேச்சுகளில் சாதாரணமாக விழும் நூறு பவுன் என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், அத்தனையும் அப்படிப்பட்ட ஆலையில் எடுத்த தங்கமாக இருந்தால், 4 கிலோ பாதரசம். எல்லாத் தங்கமும் அப்படி வருவதில்லை, பெரும்பகுதி பெரிய சுரங்கங்களிலிருந்தும் பழைய நகைகளிலிருந்தும் வருகிறது. ஆனாலும் அளவு எப்படிப்பட்டது என்று புரிய இந்தக் கணக்கு உதவும். கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு 2001-இல் எத்தனை பெரிய விவகாரமானது என்பது தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவிருக்கும்.

உலக அளவில், மனிதச் செயல்களால் 2015-இல் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,220 டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீடு சொல்கிறது. அதில் சிறு தங்கச் சுரங்கங்களின் பங்கு 38 சதவீதம், அதுதான் முதலிடம். நிலக்கரி எரிப்பது சுமார் 21 சதவீதத்தோடு அடுத்த இடத்தில்.

உடலுக்கு என்ன ஆகும் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். திரவப் பாதரசத்தை விழுங்கினால் குடலில் ஏறுவது மிகமிகக் குறைவு. ஆவியைச் சுவாசித்தால் ஏறத்தாழ 80 சதவீதம் ரத்தத்தில் கலந்துவிடும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. நரம்புகளையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி என்று மெல்ல வெளிப்படும். ரசக்கலவையைச் சுடும் வேலையை வீட்டுச் சமையலறையில், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கப் பெண்கள் செய்வது பல நாடுகளில் வழக்கம். அதனால்தான் இது தொழிலாளியோடு நிற்காத நோயாக இருக்கிறது.

விடமாட்டேன் என்பதற்கான காரணங்கள்

அறியாமை என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். பல இடங்களில் பாதரசம் கெடுதல் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் விட முடியாததற்கு உறுதியான பொருளாதாரக் காரணங்கள் இருக்கின்றன.

1. அன்றன்றைக்குக் காசு. காலையில் வெட்டிய பாறை மாலையில் தங்கமாகிவிடும், இரவுச் சாப்பாட்டுக்கு வழி பிறக்கும். பல மாற்று முறைகள் கூடுதல் தங்கம் தரும், ஆனால் சில நாள் கழித்து. கையில் சேமிப்பு இல்லாதவருக்கு அந்தச் சில நாள் பெரிய தூரம்.

2. நம்பிக்கை. பத்துப் பேர் சேர்ந்து வெட்டினால் பங்கு பிரிக்க வேண்டும். பாதரச உருண்டை எல்லார் கண் முன்னாலும் உருவாகும், அங்கேயே நிறுத்துப் பிரிக்கலாம். ஊருக்கு வெளியே உள்ள ஆலைக்கு மூட்டையைக் கொடுத்தனுப்பினால் என்ன திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்?

3. கடன். பல இடங்களில் பாதரசத்தைக் கொடுப்பவரே தங்கத்தை வாங்குபவர். இலவசமாகவோ கடனாகவோ கொடுப்பார், பதிலுக்குத் தங்கத்தை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே விற்க வேண்டும். நம் கடற்கரையில் முன்பணம் வாங்கிய படகு யாரிடம் மீனைப் போட வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

4. ஆலைக்காரரின் லாபம். இதுதான் வெளியே அதிகம் தெரியாதது. முழுப் பாறைத் தூளில் பாதரசம் கலக்கும் முறையில் உள்ளிருக்கும் தங்கத்தில் பாதிகூடக் கிடைப்பதில்லை, பல இடங்களில் 30, 40 சதவீதம்தான். மீதி கழிவுச் சேற்றில் இருக்கிறது. அரைத்துக் கொடுக்கும் ஆலைக்காரர் கூலி வாங்காமல், அல்லது மிகக் குறைவாக வாங்கிக்கொண்டு, "சேறு மட்டும் எனக்கு" என்பார். அப்புறம் அதில் சயனைடு விட்டு மீதித் தங்கத்தை எடுத்துக்கொள்வார். தொழிலாளிக்குச் சிறு பங்கும் நோயும், ஆலைக்குப் பெரும் பங்கு. பாதரசம் கலந்த சேற்றில் சயனைடு விட்டால் பாதரசம் கரைந்து தண்ணீரில் இன்னும் சுலபமாகப் பரவும் என்பது கூடுதல் கேடு.

5. உரிமம் இல்லாமை. நாளைக்குப் போலீஸ் வந்து விரட்டலாம் என்றால் யார் இயந்திரத்தில் பணம் போடுவார்கள்? வங்கியும் கடன் தராது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடக்கூடிய ஒரே கருவி பாதரசப் புட்டி.

இந்த ஐந்தில் நான்காவதுதான் மாற்றத்துக்கு நல்ல வாசல் என்பது என் கருத்து. "உடம்புக்குக் கெடுதல்" என்று சொல்வதைவிட "உன் தங்கத்தில் பாதிக்கு மேல் சேற்றில் போகிறது" என்று எடைபோட்டுக் காட்டுவது எடுபடும். 2019-இல் தொடங்கிய பிளானட்கோல்டு என்ற பன்னாட்டுத் திட்டமும் பாதரசம் இல்லாத சிறு ஆலைகள், கடன் வசதி, நேரடி விற்பனை ஆகியவற்றைச் சேர்த்தே கொண்டுபோகப் பார்க்கிறது.

மாற்று வழிகள், ஒவ்வொன்றின் வில்லங்கத்தோடு

முதலில் செய்ய வேண்டியது, முழுப் பாறைத் தூளில் கலப்பதை நிறுத்துவது. இது ஒன்றே பாதரச இழப்பில் மிகப் பெரிய பகுதியைக் குறைத்துவிடும். முதலில் செறிவாக்கு, பிறகு வேண்டுமானால் சிறிதளவு கலந்துகொள். பாதரசம் முற்றிலும் போய்விடாது, ஆனால் பல கிராம் ஒரு கிராமாகிறது.

அடுத்தது ரிட்டார்ட் எனப்படும் மூடிய வடிகலன். சித்த மருத்துவத்தில் தீநீர் இறக்கும் வாலையைப் போன்றதுதான் இதுவும். மூடிய இரும்புக் கிண்ணத்தில் ரசக்கலவையை வைத்துச் சூடேற்றினால், ஆவி ஒரு குழாய் வழியாகப் போய்த் தண்ணீரில் குளிர்ந்து மறுபடி பாதரசமாகச் சொட்டும். சரியாகப் பயன்படுத்தினால் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கும். செலவும் அதிகமில்லை. அப்படியிருந்தும் பல ஊர்களில் கொடுத்த ரிட்டார்ட்டுகள் மூலையில் கிடந்தன. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது, நேரம் கூடுதலாகும், சில சமயம் தங்கம் பழுப்பு நிறத்தில் வந்து வாங்குபவர் விலையைக் குறைப்பார். மீட்ட பாதரசம் அழுக்கேறி முன்போலத் தங்கத்தைப் பிடிப்பதில்லை என்ற புகாரும் உண்டு. அதற்கு உப்புத் தண்ணீரில் போட்டு ஒரு பேட்டரியின் மின்சாரத்தைச் சிறிது நேரம் செலுத்தினால் மறுபடி வேலை செய்யும். இந்தச் சின்ன வித்தையைச் சொல்லிக்கொடுக்காமல் கருவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனதுதான் பல திட்டங்களின் கோளாறு.

பாதரசமே வேண்டாம் என்றால் செறிவாக்குவதை இன்னும் கூர்மையாகச் செய்ய வேண்டும். இங்கேதான் மணவாளக்குறிச்சி மறுபடி வருகிறது. அதே சுருள் தொட்டிகள், பிறகு அதிர்மேசை. அதிர்மேசை என்பது கோடு கோடாக வரம்பு வைத்த, சற்றே சாய்ந்த மேசை. அது குலுங்கிக்கொண்டே இருக்க மேலே தண்ணீர் ஓடும், தங்கம் ஒரு ஓரமாகவும் கருமணல் இன்னொரு ஓரமாகவும் விலகிப் போகும். காந்தத்தால் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவை இழுத்துவிடலாம். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் மிதக்கும் நுண் தங்கம் மூழ்கும். இத்தனையும் செய்தால் ஒரு கிலோ கருமணல் சில பத்து கிராமாகச் சுருங்கும், அதில் தங்கம் கணிசமாக இருக்கும்.

அந்தச் சில பத்து கிராமிலிருந்து தங்கத்தைப் பிரிக்க வெங்காரம் (போராக்ஸ்) போதும். பொற்கொல்லர்கள் பொடி வைத்து ஊதும்போது சேர்க்கும் அதே வெங்காரம். பிலிப்பைன்ஸின் பெங்கெட் பகுதியில் சிறு சுரங்கத் தொழிலாளிகள் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் செய்கிறார்கள். செறிந்த மணலையும் வெங்காரத்தையும் மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில் போட்டுக் கரி அடுப்பில் ஊதி உருக்கினால், வெங்காரம் மணலிலுள்ள தாதுக்களைக் கரைத்துக் கண்ணாடி போன்ற கசடாக்கும், உருகிய தங்கம் அடியில் மணியாகச் சேரும். வெங்காரம் தங்கத்தின் உருகுநிலையைக் குறைக்கிறது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது தவறு. அது எளிதில் உருகவைப்பது சுற்றியுள்ள கழிவைத்தான். நாகர்கோவில் வடசேரியின் நகைப் பட்டறைக்காரர் ஒருவரிடம் இந்த முறையைச் சொன்னால் "இதில் என்ன புதுசு?" என்று கேட்பார்.

வில்லங்கம் இங்கேயும் உண்டு. செறிவு போதாத மணலில் வெங்காரம் வேலை செய்யாது, கந்தகம் கலந்த தாதுக்கள் அதிகமிருந்தால் தங்கம் சரியாகத் திரளாது. ஆக, எந்தப் பாறை என்பதைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். ஒரே கருவியை எல்லா நாட்டுக்கும் அனுப்பும் திட்டங்கள் தோற்பதற்கு இதுவும் காரணம்.

சயனைடு பாதரசம் இல்லாத முறைதான், தங்கமும் அதிகம் கிடைக்கும். ஆனால் தேர்ந்த மேற்பார்வையும் கழிவுக் குட்டையும் இல்லாமல் சயனைடைச் சிறு கூட்டங்களிடம் கொடுப்பது ஒரு நஞ்சுக்குப் பதில் இன்னொன்று.

சட்டம் என்ன சொல்கிறது

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலை வெளியேற்றிய மீத்தைல் பாதரசம், மீன் வழியாக மக்களை முடக்கியது. 1956-இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. அந்த ஊரின் பெயரில் 2013-இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டு, 2017 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2018-இல் ஏற்புறுதி செய்தது.

சிறு தங்கச் சுரங்கத்தைப் பற்றிய பிரிவு ஏழாவது. பலரும் நினைப்பதுபோல அது பாதரசத்தை முழுதாகத் தடை செய்யவில்லை. "குறைக்க வேண்டும், இயலுமிடத்தில் ஒழிக்க வேண்டும்" என்கிறது. இந்தத் தொழில் கணிசமாக உள்ள நாடுகள் தேசியச் செயல்திட்டம் போட வேண்டும். அந்தத் திட்டத்தில் நான்கு பழக்கங்களை ஒழிக்க நடவடிக்கை இருக்க வேண்டும்: முழுப் பாறைத் தூளில் கலப்பது, ரசக்கலவையைத் திறந்த வெளியில் எரிப்பது, குடியிருப்புகளில் எரிப்பது, பாதரசத்தை நீக்காமல் அதே சேற்றில் சயனைடு விடுவது.

இந்த மென்மையைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது விவரம் தெரிந்தவர்கள் எழுதியதாகத்தான் படுகிறது. வெறும் தடை என்ன செய்யும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலும் அமெரிக்கா 2013-இலும் பாதரச ஏற்றுமதியை நிறுத்தின. அதன் பிறகு மெக்சிகோவிலும் இந்தோனேசியாவிலும் சாதிலிங்கத் தாதுவை வெட்டிப் பாதரசம் எடுப்பது பெருகியது. 2019-இல் பெரு அரசு லா பம்பா பகுதிக்குப் படையை அனுப்பிச் சட்டவிரோதச் சுரங்கங்களை அகற்றியது. அங்கே குறைந்தது, தொழில் வேறு இடங்களுக்கு நகர்ந்தது. வரத்தைக் குறைப்பது தேவைதான். ஆனால் மேலே சொன்ன ஐந்து காரணங்களையும் தொடாத தடை, பாதரசத்தின் விலையையும் கடத்தல்காரரின் லாபத்தையும்தான் கூட்டும்.

மீனுக்கு எப்படி வருகிறது

காற்றில் கலந்த பாதரச ஆவி மாதக்கணக்கில் உலகைச் சுற்றும். மழையோடும் தூசியோடும் இறங்கிக் கடலில் சேரும். ஆக்சிஜன் குறைந்த நீரிலும் சேற்றிலும் உள்ள சில நுண்ணுயிரிகள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. மினமாட்டா நஞ்சும் அதுவே. மிதவை உயிரியைச் சாளை தின்னும், சாளையைச் சூரை தின்னும், சூரையைச் சுறா தின்னும். ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். நீண்ட ஆயுளும் பெரிய உடம்பும் கொண்ட மீனில்தான் அதிகம்.

இந்த மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பேர்போனவர்கள். அவர்கள் வலையிலும் தூண்டிலிலும் விழும் ஒரு சுறாவிலுள்ள பாதரசம் எந்த நாட்டுச் சுரங்கத்திலிருந்து, எந்த அனல்மின் நிலையத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. பிடித்தவர் மேல் அதில் குற்றமும் இல்லை. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் மீத்தைல் பாதரசத்துக்கு வைத்துள்ள உச்சவரம்பு, சூரை வகைகளுக்குக் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம், சுறாவுக்கு 1.6.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறும் என்று பால்சுறா கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமோ கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவைச் சேர்த்திருக்கிறது. குழந்தையின் வளரும் மூளையை மீத்தைல் பாதரசம் அதிகம் பாதிக்கும் என்பதே காரணம். சிறிய சுறாவில் பெரிய சுறாவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். என்றாலும் அந்த மாதங்களில் சாளை, நெத்தோலி, அயிலை என்று சிறு மீன்களுக்கு மாறுவது நல்லது. மீனையே விட்டுவிடுவது தவறு, அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் குழந்தைக்கு வேண்டும். வேகவைத்தாலோ பொரித்தாலோ பாதரசம் போகாது.

நகைக் கடையில் கேட்க முடிவது

நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் குறியீடு நகை செய்யப்பட்ட இடத்தைச் சொல்லும், உலோகம் வந்த இடத்தைச் சொல்லாது. ஹால்மார்க்கும் அப்படியே. 916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்ற தூய்மைக் கணக்கு. 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் நகையையும் பரிசோதித்த மையத்தையும் காட்டும். பாதரசம் தொட்ட தங்கமா என்று இவற்றில் எதுவும் காட்டாது. ஏனென்றால் சுத்திகரிப்பு ஆலையில் பல நாட்டுத் தங்கம் ஒன்றாக உருகிவிடுகிறது. இந்தியா ஆண்டுக்கு 700, 800 டன் அளவில் தங்கம் இறக்குமதி செய்கிறது, அதில் சுத்திகரிக்கப்படாத கட்டியாக வருவதும் அடக்கம்.

சங்கிலியின் மேல்பக்கத்திலிருந்து கட்டுப்படுத்தும் முயற்சி இரண்டு விதம். சிறு சுரங்கக் கூட்டுறவுகளுக்கே சான்று கொடுக்கும் ஃபேர்மைண்டு, ஃபேர்டிரேடு போன்றவை ஒன்று. அந்தத் தங்கத்துக்குக் கூடுதல் விலை உண்டு, சந்தையில் அளவு மிகக் குறைவு. லண்டன் தங்கச் சந்தைச் சங்கம் தன் பட்டியலிலுள்ள சுத்திகரிப்பு ஆலைகள் தங்கத்தின் மூலத்தை விசாரிக்க வேண்டும் என்று விதித்திருப்பது இன்னொன்று. இந்தியாவில் எம்.எம்.டி.சி.-பாம்ப் என்ற சுத்திகரிப்பு ஆலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. பழைய நகையை மாற்றிப் புதிது வாங்கினால் புதுச் சுரங்கம் தேவையில்லை என்பது சரி. ஆனால் பன்னாட்டுச் சந்தையில் "மறுசுழற்சித் தங்கம்" என்ற பெயரில் புதிதாக வெட்டிய தங்கத்தை நுழைப்பதும் நடக்கிறது. அதனால் அந்தப் பெயரை மட்டும் நம்பாமல் கட்டி எந்த ஆலையில் சுத்தமானது என்று கேட்க வேண்டும். பெரிய கடைகளில் கட்டியின் மேலேயே ஆலையின் முத்திரை இருக்கும், காட்டச் சொல்லலாம்.

பட்டறைத் தூசி இன்னொரு இடம். நகை அராவும்போது விழும் பொடியையும் தரையைக் கூட்டிய குப்பையையும் விலைக்கு வாங்கி, கழுவித் தங்கம் பிரிப்பவர்கள் நகைத் தொழில் நடக்கும் ஊர்களில் உண்டு. நாட்டின் பல இடங்களில் அந்த வேலையிலும் பாதரசம் சேர்ப்பது வழக்கம். அங்கே பெங்கெட் முறையைக் கொண்டுவரப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மூசையும் வெங்காரமும் அந்தத் தெருவிலேயே இருக்கின்றன, தூசியை முதலில் நன்றாக அரித்துச் சுருக்க ஒரு சிறிய அதிர்மேசை மட்டும் போதும். அதைப் பத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.